வாசலில் கேட்ட பெயர்

சவேரியார்துறை
16.06.2013

அன்புத் தம்பி ததேயுஸுக்கு, வெரோணிக்கா அக்கா எழுதுவது.

மாதா கிருபையால் நானும் உன் மகள் ரெஜிஷாவும் இங்கே சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும். போனில் கேட்டால் ‘உம், சுகம்தான்’ என்று முடித்துவிடுகிறாய். எனக்கும் போனில் வாய் வராது. இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கை, எழுதினால்தான் பேச்சு வரும். நம் ஊர் ஷிபு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஜுபைலுக்குத் திரும்புகிறான். இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் இறால் ஊறுகாயையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. பிள்ளை நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஷெர்லி உயிரோடு இருந்திருந்தால் மகளைப் புதுச் சீருடையில் பார்த்து அழுதிருப்பாள். நான் அழவில்லை. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்துகிற வேலை எனக்கு இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு புது நடைமுறை கொண்டுவந்திருக்கிறார். சாயங்காலம் வாசலில் ஒரு டீச்சர் நிற்க வேண்டும். வழக்கமாக வராத ஆள் யாராவது பிள்ளையைக் கூப்பிட வந்தால், பிள்ளைக்கு வீட்டில் என்ன பெயர் என்று கேட்க வேண்டும். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் கோயிலுக்கும் ரிஜிஸ்தருக்கும்தானே. மூன்றாம் வகுப்பில் மட்டும் நாலு அந்தோணி. வீட்டில் ஒருவன் கோழி, ஒருவன் உருளை, ஒருவன் போலீஸ், மற்றவன் பேரைக் கடிதத்தில் எழுத முடியாது. நம்முடையவள் நெத்தோலி. வெளியூர்க்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிஸ்டர் யோசித்திருக்கிறார். கெட்டிக்காரிதான்.

இன்னொன்று. கடைக்காரர் டைட்டஸ் தன் போனில் உன் ஃபேஸ்புக்கைக் காட்டினார். பிள்ளைக்குப் பல் விழுந்தது முதல் பேன் பார்த்தது வரை எல்லாம் அங்கே தொங்குகிறது. நான் படம் எடுத்து அனுப்புவது உனக்குத்தான், ஊருக்கு அல்ல. துவைத்த துணியையே யாரும் பார்க்காத பக்கம் காயப்போடுகிறவள் நான். கொஞ்சம் அடக்கிக்கொள் தம்பி.

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. பிள்ளை முத்தம் தரச் சொன்னாள். அதையும் ஷிபுவிடம் கொடுத்துவிட முடியாது, நீயே வந்து வாங்கிக்கொள்.

அக்கா வெரோணிக்கா


ஜுபைல்
சவூதி அரேபியா
09.07.2013

பாசமுள்ள அக்காவுக்கு ததேயுஸ் எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

கருவாடு வந்த அன்றைக்கே அறையில் எட்டுப் பேரும் சேர்ந்து முடித்துவிட்டோம். ஊறுகாயை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை, படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். நீ அடக்கு என்று எழுதிய கடிதத்தோடு வந்த ஊறுகாய் அது. திட்டாதே.

எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு நன்றாகப் போட்டுவிட்டது, பழைய சட்டைகளுக்குப் பொத்தான் எட்டவில்லை. லாஞ்சில் பன்னிரண்டு நாள் கடல், மூன்று நாள் கரை. போன வாரம் நல்ல பாடு, வலை நிறைய மீன்.

அக்கா, நீ சொல்வது புரிகிறது. ஆனால் இங்கே வந்து பார்த்தால் உனக்கும் ஒன்று புரியும். கரைக்கு வந்ததும் ஒவ்வொருவனும் அவனவன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் போனைப் பார்க்கிறான். ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதில்லை. ‘எனக்க நெத்தோலி இன்னிக்கு நாலாங்கிளாசு’ என்று சீருடைப் படத்தைப் போட்டேன், நூற்றுப் பத்துப் பேர் விருப்பம் போட்டார்கள். அறையில் ஒருவன்கூடப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டதில்லை.

மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ‘குமரித் தோழன்’ என்று பெயர் வைத்திருக்கிறார், முகம் பார்த்ததில்லை. பிள்ளை படம் போட்டால் முதலில் வருவது அவர்தான். பாப்பா எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு விடுவார்கள், நன்றாகப் படிக்கிறாளா என்று தினமும் விசாரிப்பார். பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதினேன். என்ன நிறம் அண்ணா என்று கேட்டார். ரத்தச் சொந்தத்தில் யார் இப்படிக் கேட்கிறார்கள், சொல்.

பிள்ளையின் படத்தை நிறுத்திவிடாதே. எனக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் தம்பி ததேயுஸ்


சவேரியார்துறை
28.08.2013

தம்பி ததேயுஸுக்கு அக்கா எழுதுவது.

அன்றைக்குப் போனில் பாதி நான் அழுதேன், பாதி நீ அழுதாய், விஷயம் நடுவில் விழுந்துபோயிற்று. அதனால் முழுவதும் எழுதுகிறேன். முதலில் ஒன்று: பிள்ளை சுகமாக இருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டினேன், டாக்டரம்மாவும் அதையே சொன்னார்.

போன வியாழக்கிழமை மூன்றரை மணி. வாசலில் முறைக்கு ஒரு டீச்சர் நின்றார். முப்பது வயது மதிக்கிற ஒருவன் வந்தான், இஸ்திரி போட்ட சட்டை, அத்தர் வாசனை. ஜுபைலிலிருந்து நேற்றுதான் லீவில் வந்தேன், ததேயுஸ் அண்ணனுக்கு அடுத்த கட்டில் என்றான். நம் ஊரில் லீவில் வருகிறவன் தனக்காகவா வருகிறான்? இருபது வீட்டுக்குப் பார்சலும் சேதியும் சுமந்து வருகிறான். அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது நமக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த டீச்சர் முறைப்படி வீட்டுப் பெயரைக் கேட்டார். ‘நெத்தோலி’ என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மகளுக்குச் சைக்கிள் வாங்கச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டிருக்கிறாய், குளச்சலில் கடை, நிறம் பிள்ளையே பார்த்து எடுக்கட்டும், அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவிடுகிறேன் என்றான். டீச்சர் அனுப்பிவிட்டார்.

காப்பாற்றியது டைட்டஸ். தெரியாத பைக்கில் நம் பிள்ளை உட்கார்ந்து போவதைப் பார்த்துச் சாலையின் குறுக்கே வந்து நின்றிருக்கிறார். அவர் ஜுபைலில் ஆறு வருடம் கிடந்தவர் அல்லவா.

‘யாருவே நீரு?’

‘ததேயுஸ் அண்ணனுக்க ரூமு.’

‘அப்பிடியா. ரூமு ஹார்பருக்கு எந்தப் பக்கம்? மெஸ்ஸுல சமைக்கது யாரு?’

பதிலுக்கு அவன் வண்டியை முறுக்கியிருக்கிறான், பிள்ளை பின்னாலிருந்து விழுந்துவிட்டாள். அவன் போய்விட்டான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். வண்டி நம்பர் பொய். எதற்காக வந்தான் என்று இன்றுவரை தெரியாது.

பெயர், பள்ளிக்கூடம், விடுகிற நேரம், சைக்கிள், எல்லாம் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்து முடித்த கையோடு அத்தனை படத்தையும் எடுத்துவிடு. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனாலும் எடுத்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜுபைல்
14.09.2013

அக்காவுக்கு ததேயுஸ் எழுதுவது. பிள்ளையும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இருக்கிறேன்.

எடுத்துவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றையும் ஒரு தரம் பார்த்துவிட்டு எடுத்தேன், இரண்டு நாள் ஆயிற்று. ‘குமரித் தோழன்’ என்ற பெயரைத் தேடினேன், அப்படி ஒரு ஆளே இப்போது இல்லை. அவனுக்கு நான் ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறேன் அக்கா. என் பிள்ளையின் பெயரை என் கையாலேயே அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு நான் எந்தச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது?

என் தப்பை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டீச்சர்? ஒருவன் ஒரு பெயரைச் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதா? உனக்கு ஒரு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? நீ அந்நேரம் உன் வகுப்பில் இருந்திருப்பாய், பத்தடி தூரம். யார் அவர் என்று பெயரை எழுது.

நீ எழுதும்வரை எனக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஆன்ட்ரூஸ் ஃபாதருக்கு நேற்றே கடிதம் போட்டுவிட்டேன். அந்த டீச்சரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ‘தன் வயிற்றில் ஒரு பிள்ளை சுமந்திருந்தால் இப்படிக் கைவிட்டு அனுப்பியிருப்பாளா’ என்றும் எழுதினேன். கல்யாணமான டீச்சராக இருந்தாலும் இருக்கட்டும், எனக்குக் கவலையில்லை.

பிள்ளை போனில் ‘உம்’ மட்டும் சொல்கிறாள். பயந்து போயிருக்கிறாளா?

ததேயுஸ்


சவேரியார்துறை
20.10.2013

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

சுகம். இங்கே நல்ல மழை. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம்.

நடந்ததற்குப் பிறகு வீட்டுப் பெயர் கேட்கிற முறையை எடுத்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பேர் மட்டும். அவர்களுடைய படமும் கையெழுத்தும் ஒரு நோட்டில் ஒட்டி வாசலில் இருக்கிறது. அந்த மூன்று பேரில் இல்லாதவர் பிஷப்பாக இருந்தாலும் பிள்ளை கிடைக்காது. போலீஸின் அம்மா, அதுதான் மூன்றாம் வகுப்பு அந்தோணியின் அம்மா, புருஷனையே கேட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தாள். அவர் மஸ்கட்டிலிருந்து வந்தது அன்று காலைதான், நோட்டில் படம் இல்லை. நல்ல வேடிக்கை.

பெற்றோரைக் கூட்டி ஒரு கூட்டமும் போட்டோம். வந்த நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் பெண்கள். புருஷன்மார் எல்லாம் கடலிலோ கல்ஃபிலோ. சீருடையோடு பிள்ளை படத்தைப் பொதுவில் போடாதீர்கள், பெயரும் நேரமும் எழுதாதீர்கள், முகம் தெரியாதவரை நண்பராகச் சேர்க்காதீர்கள் என்று சொன்னோம். முன்வரிசையில் பிந்து எழுந்தாள்.

‘டீச்சர் சொல்லுகது செரிதான். ஆனா எனக்க வீட்டுக்காரரு இந்தப் பிள்ளைய இதுவர நேருல கண்டதே இல்ல. போட்டோவுலதான் கண்டது. நல்லாருக்குன்னு நாலு பேரு சொன்னாத்தான் அவருக்கும் ஒரு சந்தோசம். அதயும் வேண்டாம்னு நான் எந்த வாய வெச்சி சொல்லுவேன்?’

படத்தை அவருக்கு மட்டும் அனுப்பு, நல்லாயிருக்கு என்று நீயே சொல் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். சமாதானமாகி உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை.

ரெஜிஷா பள்ளிக்கூடம் போய் வருகிறாள். பாடத்தில் குறை இல்லை. நெத்தோலி என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, அதனால் நானும் கூப்பிடுவதில்லை. அவள் படம் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன், ஸ்டூடியோவில் எடுத்தது. உனக்கு மட்டும்.

நீ கேட்ட மற்ற விஷயம் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வெரோணிக்கா


ஜுபைல்
11.11.2013

அக்காவுக்கு,

படம் வந்தது. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு வேலை இருந்தது. இப்போது சுவரைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அது என் தலைவிதி, போகட்டும்.

நீ நாலு பக்கம் எழுதுகிறாய். மழை எழுதுகிறாய், போலீஸின் அம்மா சண்டையை எழுதுகிறாய். நான் கேட்ட ஒரு பெயரை மட்டும் எழுத மாட்டேன் என்கிறாய். யாரைக் காப்பாற்றுகிறாய்? கூட வேலை பார்க்கிறவள் உனக்குப் பெரிதா, கூடப் பிறந்தவன் பெரிதா?

ஆன்ட்ரூஸ் ஃபாதர் இரண்டு வரி பதில் போட்டிருக்கிறார். விசாரணை முடிந்துவிட்டது, மற்றதை உங்கள் அக்காவிடம் கேளுங்கள் என்று. எல்லோரும் சேர்ந்து என்னைப் பைத்தியம் ஆக்குகிறீர்கள். நான் தூரத்தில் கிடக்கிறேன் என்றால் எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று அர்த்தமா?

கேட்கிறேன். யார் அவள்?

ததேயுஸ்


சவேரியார்துறை
02.12.2013

தம்பிக்கு,

அந்த டீச்சர் நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. ‘அந்த டீச்சர், அந்த டீச்சர்’ என்று வேறு யாரையோ சொல்வது போல உனக்கு எழுதினேன். எழுதும்போதே கை கூசியது, ஆனாலும் எழுதினேன்.

அவன் வந்ததும் என்னைப் பார்த்து, ‘டீச்சர்தானே ததேயுஸ் அண்ணனுக்க அக்கா? உங்களுக்க இறால் ஊறுகாய அவரு யாருக்கும் குடுக்க மாட்டாரு’ என்றான். அத்தோடு போயிற்று. வீட்டுப் பெயரைக் கேட்டேன்தான், முறைக்காகக் கேட்டேன். அதற்கு முன்னாலேயே நான் அவனை நம்பியாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் உன்னைப் பற்றி. ‘மெலிஞ்சிருக்கானா?’ என்று கேட்டேன். ‘இல்ல டீச்சர், குண்டாயிட்டாரு’ என்றான். ‘சிரிக்கானா? யாருகூடயாவது பேசுகானா?’ என்று கேட்டேன். ‘அவரு இருந்தா ரூமே கலகலன்னுதான் இருக்கும்’ என்றான். நாலு வருடத்தில் உன்னை நேரில் பார்த்த ஒருவன் என் முன்னால் நிற்கிறான் என்று நினைத்தேன். ஷிபு வந்தபோது கேட்டேன், அவன்கூட உன்னைப் பார்த்ததில்லை, வேறு கேம்ப் என்றுவிட்டான், ஊறுகாயையே வேறு ஆளிடம்தான் கொடுத்தனுப்பினானாம். இவன் பார்த்திருக்கிறான். எனக்கு அவனை விட மனம் வரவில்லை. பின்னால் இன்னும் முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு நின்றன. நான் சிரித்துப் பேசிக்கொண்டே ரெஜிஷாவின் பையை அவள் தோளில் மாட்டி அனுப்பினேன். திரும்பக் கொண்டுவிட வரும்போது உன்னைப் பற்றி இன்னும் என்னென்ன கேட்கலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு நின்றேன். டைட்டஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்வரை நான் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்தபோது ஃபாதர் ஆசிரியர் கூட்டத்தில் எடுத்துவைத்தார். வாசிக்க வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னார். எல்லோரையும் போல எனக்கும் விசாரணை நடக்க வேண்டும், வாசியுங்கள் என்று நான்தான் சொன்னேன். வயிற்றில் சுமக்காதவள் என்ற வரி வந்தது. அறையில் ஒன்பது பேர். எழுதியவன் யார், யாரைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று ஒன்பது பேருக்கும் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. ஒருவரும் தலை நிமிரவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசல் முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். அது நியாயம். நீ கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்காதே, அதுவும் நியாயம்தான்.

இன்னொரு தப்பும் உண்டு. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்லாதே என்று பிள்ளையிடம் சொல்லிவைத்தேன். அவள் ‘உம்’ மட்டும் சொல்வது அதனால்தான். யாருக்கும் சொல்லாதே என்று உன்னிடம் எவர் சொன்னாலும் அவரை நம்பாதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

பிள்ளையை வேறு யாரிடமாவது விட வேண்டும் என்றால் சொல். ஷெர்லியின் தங்கை நாகர்கோவிலில் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். நான் தடுக்க மாட்டேன்.

அக்கா


சவேரியார்துறை
15.01.2014

அன்புள்ள அப்பாவுக்கு,

ரெஜிஷா எழுதுவது. நான் நலம். அத்தை நலம் இல்லை, ஆனால் நலம் என்று எழுதச் சொன்னார்கள்.

நீங்கள் ஏன் போன் பண்ணவில்லை? கிறிஸ்துமஸுக்கும் பண்ணவில்லை. அத்தை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். திருப்பலி நடக்கும்போது சத்தம் வரக் கூடாது என்று எல்லோரும் அணைத்து வைத்திருந்தார்கள். அத்தை அணைக்கவில்லை.

நான் அரையாண்டில் கணக்கில் 96. அத்தை இப்போது ஒன்றாம் வகுப்பு டீச்சர். சாயங்காலம் கேட்டில் நேசம்மாள் டீச்சர் நிற்கிறார்கள். அத்தை வகுப்பு ஜன்னல் பக்கம் நின்று நான் வெளியே வருகிறதைப் பார்ப்பார்கள். கிட்டே வர மாட்டார்கள். பிறகு ரோட்டில் சேர்ந்து போவோம்.

அப்பா, நான் அந்த மாமாவுடன் ஏன் போனேன் என்று போலீஸ்காரரும் கேட்டார், சிஸ்டரும் கேட்டார்கள். சைக்கிளுக்காக என்று சொன்னேன். அது உண்மை இல்லை. எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல அத்தை சிரித்தார்கள். அத்தை அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால் நல்ல ஆள் என்று நினைத்துப் போனேன். இதை அத்தையிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

எனக்கு நாகர்கோவில் சித்தி வீடு வேண்டாம்.

இப்படிக்கு
அன்பு மகள்
ரெஜிஷா


ஜுபைல்
06.02.2014

அக்காவுக்கு ததேயுஸ் எழுதுவது.

உன் கடிதம் டிசம்பரிலேயே வந்துவிட்டது. கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். முதல் பத்து நாள் கோபம்தான். பிறகு வெட்கம். பிள்ளையின் கடிதம் நேற்று வந்தது. அதன் பிறகும் பேசாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை.

ஆன்ட்ரூஸ் ஃபாதருக்கு இன்று இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். பழையதைத் திரும்பக் கேட்கவில்லை, அது இருக்கட்டும், என் புத்திக்குச் சாட்சி. புதியதில் எழுதியிருப்பது இதுதான்: ஷெர்லியை அடக்கம் பண்ணிய மறு வருடம் ஐந்து வயசுப் பிள்ளையை ஒருத்தியின் மடியில் போட்டுவிட்டு விமானம் ஏறியவன் நான். அவள் எனக்கு அக்கா, என் பிள்ளைக்கு அம்மா. பிள்ளை அவளிடம்தான் வளரும். முதல் கடிதம் எந்த அறையில், எந்த ஒன்பது பேர் முன்னால் வாசிக்கப்பட்டதோ, அதே அறையில், அதே ஒன்பது பேர் முன்னால் இதையும் வாசிக்க வேண்டும். அன்றைக்கு நீ தலை குனிந்து உட்கார்ந்தால் நான் இங்கே சோறு தின்ன மாட்டேன்.

பிள்ளை எனக்கு ஒன்று எழுதியிருக்கிறாள். அவள் ஏன் போனாள் என்று. அதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன், அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள். ஆனால் ரகசியம் வேண்டாம், எப்போது தோன்றினாலும் அத்தையிடம் சொல் என்று அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள், ஜன்னல் பக்கம் நிற்காதே. கேட்டுக்கு வா. நோட்டில் உன் பெயரும் உண்டல்லவா.

இனி என் விஷயம். நீ ஒரு முன்பின் தெரியாதவனிடம் என்னைப் பற்றிக் கேட்டதாக எழுதிய இடத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்தேன். அவனிடம் ஏன் கேட்டாய் என்று யோசித்தேன். நான் சொல்லவில்லை, அதனால் கேட்டாய். குண்டாகிவிட்டார் என்று அவன் சொன்னது அவனுடைய பொய் இல்லை அக்கா. நான் எழுதி வைத்த பொய். ஃபேஸ்புக்கிலும் அதையேதான் போட்டிருந்தேன். அவன் அதை எடுத்து உன்னிடம் விற்றுவிட்டான்.

உண்மையை எழுதுகிறேன். நான் லாஞ்சில் கடைசியாக ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது. சர்க்கரை இருக்கிறது. வலது காலில் புண் ஆறவில்லை, அதனால் கடலுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். மீன் கொட்டகையில் தரம் பிரித்துப் போடுகிறேன், பாதிச் சம்பளம். கடலில் இருக்கிறேன் என்று உனக்குச் சொன்ன நாளெல்லாம் இந்தக் கட்டிலில்தான் கிடந்தேன். அறையில் செல்வன் என்று ஒருவன் மட்டும் கஞ்சி வைத்துத் தருவான், மற்ற யாரோடும் பேச்சில்லை. பாஸ்போர்ட் முதலாளி அரபியின் கையில் இருக்கிறது. எப்போது தருவான் என்று தெரியாது, அதனால் வருகிறேன் என்று தேதி சொல்ல மாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: மெலிந்துவிட்டேன். ஐம்பத்தோரு கிலோ. சிரிப்பதில்லை. இனி என்னைப் பற்றி யாரிடமும் கேட்காதே அக்கா, என்னிடம் கேள்.

உன் தம்பி
ததேயுஸ்